சாம்பிராணிக்குள் மறைந்த புகை

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் வெள்ளைக்காரப் பட்டாளத்தார் விட்டுப்போன சாமான்கள் கொழும்பு புறக்கோட்டைக் கடைகளில் விலைக்கு வந்தன. எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் அடிக்கடி கரண்ட் நின்றுவிடும். வீட்டுக்கு வீடு எடுத்துப்போய் அயலார் கூடிச் செபமாலை சொல்லும் மாதா சுரூபம் எங்களிடம் வரும் மாலையில் இருட்டாகிவிடக்கூடாது என்று, மின்சாரம் தரும் பெட்ரோல் எஞ்சின் ஒன்று வாங்கப் போனேன்.

"வீட்டுக்கு இந்தச் சின்னது போதும். பெரிசு எண்டா சத்தமும் புகையும் கூட. எதெண்டாலும் வெளியதான் வைக்கோணும்" என்றார் கடைக்காரர். ஒழுங்கைச் சனமெல்லாம் பார்க்கட்டும் என்று நான் பெரியதையே எடுத்தேன்.

பயந்தபடியே அன்று மாலை கரண்ட் நின்றது. மழை வேறு. எஞ்சினைக் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், ஓடவிட்டேன். அதன் சத்தத்தில் செபம் கேட்கவில்லை என்று குசினிக் கதவைச் சாத்தினேன். சாரல் அடிக்கிறதென்று யன்னல்களையும் சாத்தினேன். கதவிடுக்கால் வந்த புகையை எல்லோரும் மாதாவுக்குப் போட்ட சாம்பிராணி என்றே நினைத்தோம்.

செபமாலை பாதியில் என் மனைவி திரேசா சரிந்து விழுந்தாள்.

"ஒண்டுமில்லை, விரதம்" என்றேன். எஞ்சினுக்குப் பழி வரக்கூடாதே! அடுத்து, பக்கத்து வீட்டு மக்தலேனக்காவின் மகள் வாந்தி எடுத்தாள்.

"யன்னலைத் திறவுங்கோ தம்பி, மூச்சு முட்டுது!" என்று அக்கா கத்திய பிறகுதான் திறந்தேன்.

முற்றத்துக்குத் தூக்கிவந்ததும் காற்றில் இருவரும் தெளிந்தார்கள். "மாதாதான் காப்பாத்தினவ" என்றார் அக்கா. "ஓம்" என்று நானும் தலையாட்டினேன்.

இப்போது எஞ்சின் வீட்டிலிருந்து தள்ளி, வளவின் கோடியில் திறந்த கொட்டிலில்தான் ஓடுகிறது. மாதா வரும் மாலையில் மெழுகுதிரி மட்டும்தான். அதை என் பக்தி என்று அக்கா ஊரெல்லாம் மெச்சுகிறார். இந்தப் பத்திரிகையை அவரும் வாசிப்பவர். தெரிந்துதான் எழுதுகிறேன்.