சிரிக்காமல் திரும்பி வந்த புத்தகம்

"...அந்த மொதலாளி பண்ற கோளாறையெல்லாம் வேலைக்காரன் தலையில வாங்கிக்கறான், கடைசியில டீயும் அவனே போட்டுக் குடுக்கறான். இதுல சிரிக்க என்னங்கண்ணா இருக்குது?" என்று புத்தகத்தை என்னிடமே நீட்டினார் அந்த டிரைவர்.

ஓசூரில் எங்கள் கம்பெனி மேனேஜரின் காரை ஓட்டுபவர். நெடுநெடு ஆள், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. டீக்கடையில் பேசும்போதும் பின்னால் வண்டி வருகிறதா என்பதுபோல் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். அசட்டு முதலாளியைக் கெட்டிக்கார வேலைக்காரன் கதைக்குக் கதை காப்பாற்றும் அந்தப் புத்தகத்தை, சிரிக்கட்டுமே என்று நான்தான் கொடுத்திருந்தேன்.

"கதைதானே, விடுங்க" என்றேன்.

"கதைங்களா? முந்தாநேத்து குந்தாரப்பள்ளி சந்தைகிட்ட மேனேஜர் தானே ஓட்டறேன்னு ஓட்டி, பைக்ல வந்தவரு காலை ஒடச்சிட்டாரு. நாந்தான் ஓட்டுனேன்னு போலீஸ்ல சொல்லணுமாம். லைசென்ஸ் போனா என் வூட்டுல அடுப்பு எரியுமாங்ணா?"

அதற்குள் காரருகே வந்து நின்ற மேனேஜர், "வாப்பா, ஸ்டேஷனுக்கு நேரமாச்சு. சொன்னது ஞாபகம் இருக்கில்ல?" என்றார்.

"இருக்குதுங்க சார்" என்று போனவர், டிரைவர் பக்கக் கதவை மேனேஜருக்குத் திறந்துவிட்டுவிட்டு, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.