வில்லையின் மேல் சந்தனம்

எண்பதுகளின் கடைசி. பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை அறை. அங்கிருந்து பஸ் பிடித்துப் போய், ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் மின்சாரத்தைத் தடையில்லாமல் கடத்தும் புதுவகை மீகடத்தி செய்துகொண்டிருந்தேன். பார்க்க ஒன்றுமில்லை, சில்லறைக் காசு அளவில் ஒரு கறுப்பு வில்லை. திரவ நைட்ரஜனில் குளிரவைத்தால், மேலே வைத்த காந்தத்தை அது தள்ளி அந்தரத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால், வில்லையைச் சுடும் உலையை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். உலை போனால் என் ஆராய்ச்சியும் போச்சு.

சோதனை நாளன்று காலையில் வில்லை வைத்திருந்த பெட்டியைத் திறந்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. வில்லையின் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். முந்தின நாள் ஆயுத பூஜை. காப்பார் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஆய்வக உதவியாளர் உலை, தராசு, இடுக்கி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார். இதையும் விடவில்லை.

"அண்ணே, இதுல தண்ணி படக்கூடாதுன்னு சொன்னேன்ல!"

"தண்ணி எங்க ஊத்துனேன்மா? கொஞ்சூண்டு சந்தனம்தானே லா வச்சேன். உனக்கு நல்லது நடக்கட்டும்னு."

சந்தனத்தை எதில் குழைத்தாராம்? ஈரம் பட்டால் இந்தப் பொருள் மெல்லச் சிதைந்து குணத்தையே இழந்துவிடும். புதிதாகச் சுட நேரமில்லை. மணல்தாளால் தேய்த்தேன். அடியில் வெளுத்த வட்டம் ஒன்று தெரிந்தது. வில்லையைப் புரட்டி, நல்ல பக்கம் மேலே வரும்படி தட்டில் வைத்தேன்.

பேராசிரியர் வந்து நின்றார். நைட்ரஜனை ஊற்றினேன். கொதிப்பு அடங்கியதும் பிளாஸ்டிக் இடுக்கியால் சிறிய காந்தத்தை இறக்கினேன். அது மிதக்கிறதா, படுத்துவிட்டதா என்றே தெரியவில்லை. அண்ணன் கதவோரம் கைகட்டி நின்றார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பேராசிரியர் குனிந்தார். காகிதத் துண்டு ஒன்றைக் கிழித்துக் காந்தத்துக்கு அடியில் செருகினார். பாதி போய் நின்றுவிட்டது. அவர் காகிதத்தை லேசாகச் சாய்த்துத் தள்ளினார். மறுபக்கம் வெளியே வந்தது. காந்தம் ஆடியது, விழவில்லை.

"மிதக்குது," என்றார்.

அண்ணன் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். "எப்படி சார் நிக்குது?"

"இந்த மாதிரிப் பொருள் ஏன் இப்படிப் பண்ணுதுன்னு உலகத்துல யாருக்கும் இன்னும் சரியாத் தெரியாது லா. அதுக்குத்தான் இந்தப் பொண்ணுக்கு உலை வேணும். அவகிட்டயே இருக்கட்டும்."

நான் மிதக்கும் காந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "தேங்க்யூ சார்," என்று அண்ணன்தான் சொன்னார்.