வியாழக்கிழமை டாக்டர்

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் ஒரு அம்மாள் ஏற்றி வைத்த சூடத்தை நான் ஊதி அணைத்தேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொன்னால் பொய். தெரிந்துதான் செய்தேன். ஆனால் செய்யாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று எனக்கு எடுத்துச் சொல்ல ஒரு மனசு டாக்டர் தேவைப்பட்டார். அவரை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

அந்த அம்மாள் முதலில் சூடத்தைப் பார்த்தார், பிறகு என் வாயைப் பார்த்தார்.

"ஏலே, ஆத்தாளுக்கு ஏத்துனத ஊதி அணைக்கியே, நீ மனுசந்தானா?"

என் மனைவி ஓடி வந்து நடுவில் நின்றாள். "மன்னிச்சிக்கோங்க மதினி. அவுகளுக்கு ஒடம்பு சரியில்ல."

"ஒடம்பு சரியில்லன்னா ஆத்தா தீயத்தான் அணைப்பாகளோ?"

நியாயமான கேள்வி. இதில் கொடுமை என்னவென்றால், என்னைக் குணமாக்கச் சொல்லி வேண்டிக்கொள்ளத்தான் என் மனைவி என்னை அங்கே கூட்டிப் போயிருந்தாள்.

என் வேலையைச் சொன்னால்தான் விஷயம் புரியும். நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் நான் கேட் சோதனை ஆள். காலையில் உள்ளே வருகிற ஆண்களை ஒவ்வொருவராக நிறுத்தி சட்டைப்பை, வேட்டி மடிப்பு, தூக்குவாளி எல்லாம் பார்க்க வேண்டும். பீடி, தீப்பெட்டி, செல்போன் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது. நைலான் சட்டை போட்டு வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். ஒவ்வொரு அறை வாசலிலும் செம்புத் தகடு இருக்கும். அதைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிய பிறகுதான் வெடிமருந்து பக்கத்தில் போய் உட்கார வேண்டும். தொடுகிறார்களா என்று பார்ப்பதும் என் வேலை.

முந்தின வருஷம் எங்கள் கம்பெனியில் ஒரு அறை எரிந்தது. உச்சி வெயிலில் மருந்து உராய்ந்து பற்றிக்கொண்டது என்று வந்து பார்த்தவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். உள்ளே இருந்தவருக்கு இரண்டு கையும் வெந்துபோனது. பிழைத்துக்கொண்டார். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டேன். அன்று காலை கேட்டில் அவர் ஏதோ கேலி சொன்னார், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வலது பையைப் பார்த்தேன். இடது பையைப் பார்த்தேனா?

அவ்வளவுதான் கேள்வி. அது உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

மறுநாளிலிருந்து ஒரு ஆளை மூன்று தடவை சோதித்தேன். பிறகு ஐந்து. "என்ன மாப்ளே, எனக்குச் சட்டை தைக்கப் போறியா? அளவு எடுத்தது போதும்யா" என்பார்கள். எனக்குத் 'தடவல் அண்ணாச்சி' என்று பட்டப்பெயரும் வந்தது. வேறு எந்த ஊரிலாவது இருந்திருந்தால் இவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஒரே மாதத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். எங்கள் ஊரில் என்ன செய்தார்கள்? "கவனம்னா இவன மாதிரி இருக்கணும்" என்று ஆயுத பூஜையன்று முதலாளி வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து, மேல் கேட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். வியாதிக்குப் பதவி உயர்வு வாங்கியவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

வீட்டில் பதவி உயர்வு தர ஆள் இல்லை. கவர்மென்ட்டில் இலவசமாகக் கொடுத்த கேஸ் அடுப்பு அப்போதுதான் வந்திருந்தது. அடுப்படி வாசலில் ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் வைத்தேன். சிலிண்டருக்கு ஈரச்சாக்கு போர்த்தினேன். "அடுப்ப அணைச்சிட்டியா?" என்று கேட்பேன். "அணைச்சிட்டேன்" என்பாள். போய்ப் பார்ப்பேன். திரும்பி வருவேன். பார்த்தேனா என்று சந்தேகம் வரும். மறுபடி போவேன். கடைசியில் ஒரு செம்பு தண்ணீரை அடுப்பின் தலையில் ஊற்றினால்தான் நெஞ்சு அடங்கும். இட்லி வெந்துகொண்டிருக்கும்போதும் ஊற்றியிருக்கிறேன். வீட்டில் தீப்பெட்டியே இருக்கக் கூடாது, அடுப்புக்கு லைட்டர் மட்டும்தான் என்று சட்டம் போட்டேன். ஊரே தீப்பெட்டி செய்து அனுப்பிக்கொண்டிருக்க, என் மனைவி சாமிக்கு விளக்கேற்றப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

இருக்கன்குடியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவள், சாத்தூர் தாண்டியதும் சொன்னாள்:

"நான் சண்டை போடல. அழுவவும் இல்ல. எனக்கு ஒரு அடுப்பு வேணும். நான் பத்தவச்சா பத்தணும், நான் அணைக்கிற வரைக்கும் எரியணும். இந்தத் தீவாளிச் சீசன் முடியுறதுக்குள்ள அது நம்ம வீட்டுல நடந்தா இருக்கேன். இல்லேன்னா மல்லாங்கிணத்துல எங்க அம்மா வீட்டு அடுப்பு எரியுது, அங்க போயிருதேன்."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

ஏற்கெனவே ஒரு தடவை மதுரைக்குப் போய்த் தனியார் டாக்டர் ஒருவரைப் பார்த்திருந்தோம். நல்ல மனுஷர். ஆனால் ஒரு நாள் கூலி, இரண்டு பேர் பஸ் செலவு, பீஸ், மாத்திரை என்று ஒரு தடவை போய் வருவதற்குள் எனக்கு இருந்த வியாதி போதாதென்று கடன் வியாதியும் வந்துவிடும் போலிருந்தது. மாத்திரை தீர்ந்ததும் நான் குணமாகிவிட்டதாக அறிவித்துக்கொண்டேன்.

என் சட்டைப்பையில் தொழிலாளர் இன்சூரன்ஸ் கார்டு ஒன்று வருஷக்கணக்காகக் கிடந்தது. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். காய்ச்சலுக்கும் கைவெட்டுக்கும்தான் அது என்று நினைத்திருந்தேன். அந்த வாரம் மனைவிக்கு இடுப்புவலி என்று இன்சூரன்ஸ் டிஸ்பென்சரிக்குப் போனோம். அங்கே ஒரு சிஸ்டர். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் பெரிய நோட்டு. இடுப்பு எதனால் பிடித்தது என்று அவர் கேட்க, "தெனம் அடுப்படியத் தொடைச்சுத் தொடைச்சுத்தான்" என்று இவள் ஆரம்பித்து, சூடம் வரை கொட்டிவிட்டாள்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "அண்ணே, இதுக்கும் இந்தக் கார்டு செல்லும். ரெண்டு வாரத்துக்கு ஒருக்க வியாழக்கிழமை சென்னையில இருந்து மனசு டாக்டர் வாராரு" என்றார்.

"சென்னையில இருந்து எங்க ஊருக்கா?"

"ஆளு வரமாட்டாரு. கம்ப்யூட்டர்ல வருவாரு. பீஸ் கிடையாது. மாத்திரையும் இங்கனயே வாங்கிக்கலாம்."

"கம்பெனிக்குத் தெரியுமா சிஸ்டர்?"

"நீங்க சொன்னாத்தான் தெரியும். உங்க சீட்டு இந்தச் சன்னலத் தாண்டாது."

வியாழக்கிழமை போனோம். டிஸ்பென்சரியின் பின்னறையில், மருந்து அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு மேஜை. அதன் மேல் குண்டுச் சட்டி மாதிரி ஒரு கம்ப்யூட்டர், உச்சியில் கோலிக்குண்டு அளவில் ஒரு கேமரா. நான் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றினேன். பையில் இருந்ததையெல்லாம் எடுத்து மேஜையில் வைத்தேன். "அண்ணே, இங்க யாரும் உங்களச் சோதிக்கப் போறதில்ல" என்று சொல்லிக்கொண்டே சிஸ்டர் சுவிட்சைப் போட்டார்.

கம்ப்யூட்டர் கண்ணாடியில் படபடவென்று சத்தம். பக்கத்தில் இருந்த என் கைமுடி எல்லாம் எழுந்து நின்றது.

பட்டாசு வேலைக்காரனுக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான். ஒரே தாவலில் அறை மூலைக்குப் போய், செம்புத் தகடு இல்லாத குறைக்குச் சன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "சிஸ்டர், தொடாதீக! எர்த் இருக்கா? மொதல்ல எர்த் இருக்கான்னு பாருங்க! சுத்தி அட்டைப்பெட்டியா இருக்கே!"

அதற்குள் திரையில் டாக்டர் வந்துவிட்டார். கண்ணாடி போட்ட நடுவயசு மனிதர். அவருக்கு எதிரே தெரிந்தது ஒரு காலி நாற்காலி.

"வணக்கம். பேஷன்ட் எங்கே?"

"இங்கன மூலையில இருக்கேன் சார்!"

"நாற்காலிக்கு வரலாமே?"

"உங்க பொட்டியில கரண்டு பாயுது சார். நீங்களும் கொஞ்சம் தள்ளியே உக்காருங்க."

என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. டாக்டர் அவசரப்படவில்லை. "சரி, அங்கிருந்தே பேசுவோம். சத்தமாகப் பேசுங்கள், போதும்" என்றார். வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாததை நான் முதன்முதலாகச் சொன்னது இப்படித்தான்: சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழிய.

சிரித்த காலையைச் சொன்னேன். வலது பையைச் சொன்னேன். இடது பையையும் சொன்னேன். திரையில் டாக்டர் அசையவே இல்லை.

"சிஸ்டர், லைன் போயிருச்சு போல."

"இல்லண்ணே. கேட்டுக்கிட்டு இருக்காரு."

கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் முடித்ததும், "கேட்டில் நீங்கள் செய்வது பாதுகாப்பு. ஒரு தடவை முழுசாகப் பார்த்தால் அது முடிந்தது. அதற்கு மேல் நீங்கள் தேடுவது தீப்பெட்டியை இல்லை. அன்றைய காலையைத் தேடுகிறீர்கள். அது யாருடைய சட்டைப்பையிலும் கிடைக்காது" என்றார். தெரிந்தே செய்வதும் செய்யாமல் இருக்க முடியாததும் இதில் சேர்ந்தே வரும், இதற்குப் பெயர் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, பயிற்சியும் இருக்கிறது, நிறையப் பேருக்கு வருவதுதான் என்றார். நிறையப் பேருக்கு வரும் என்றதும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. நான் ஒருத்தன்தான் என்று ஒரு பெருமை ஓரத்தில் இருந்திருக்கிறது.

மாத்திரை தொடங்கினேன். நாலைந்து வியாழக்கிழமைகள் போயின. மூலையிலிருந்து மெல்ல நகர்ந்து நாற்காலிக்கு வந்துவிட்டேன். கேட்டில் ஐந்து தடவை மூன்றாகி, இரண்டானது. அடுப்பு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. சீசனோ முடிந்துகொண்டிருந்தது. லாரிகளில் தீபாவளி லோடு ஏறிக்கொண்டிருந்தது. என் மனைவி தான் வைத்த கெடுவைப் பற்றிப் பேசவில்லை. பேசாததுதான் பயமாக இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை டாக்டர் அவளையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையல் முடிந்ததும் நீங்கள் அடுப்பை அணையுங்கள். அணைத்துவிட்டேன் என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அவர் வாசலில் போய் உட்காரட்டும். உள்ளே போய்ப் பார்க்கக் கூடாது. திருப்பிக் கேட்கவும் கூடாது. பயம் வரும், ஏறிக்கொண்டே போகும். ஏறினாலும் எழுந்திருக்கக் கூடாது. எப்போது எழுந்திருக்கலாம் என்றால்..."

வாய் திறந்தபடி டாக்டர் நின்றுவிட்டார். இந்தத் தடவை நிஜமாகவே லைன் போய்விட்டது. சிஸ்டர் ஒயரை ஆட்டினார், போன் போட்டார், பெட்டியைத் தட்டினார். வரவில்லை. இனி இரண்டு வாரம் கழித்துத்தான்.

வெளியே வந்ததும், "அப்ப அடுத்த தடவை கேட்டுட்டுச் செய்வோம்" என்றேன் சந்தோஷமாக.

"ஏன்? எந்திரிக்கக்கூடாதுன்னுதான சொன்னாரு? எந்திரிங்கன்னு சொல்லலைல்ல?"

"ஆமா, ஆனா எப்ப எந்திரிக்கணும்னு..."

"அவரு சொல்லல. அப்ப எந்திரிக்கப்படாது."

ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் ஆனது. "அணைச்சிட்டேன்" என்றாள். நான் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தேன். கதவுக்குக் குறுக்கே அவள் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் தொடங்கியது. முதலில் உள்ளங்கை வேர்த்தது. பிறகு மூக்கில் கேஸ் வாடை. வராத வாடை. நெஞ்சுக்குள் ஏதோ கிடந்து அடித்துக்கொண்டது.

"தாகமா இருக்கு. உள்ள போய்த் தண்ணி..."

"இந்தாங்க." பக்கத்திலேயே செம்பு வைத்திருந்தாள்.

"ஒண்ணுக்குப் போகணும்."

"வீட்டச் சுத்திப் போங்க. அடுப்படி வழியா வேணாம்."

எதிர்வீட்டு அக்கா துணி காயப்போட வந்தவர், எங்களைப் பார்த்து நின்றார். "என்னடி, புருசன வெயிலுல காயப் போட்டிருக்க?"

"ரொம்ப நாளா ஊறிக் கெடக்காரு அக்கா. நல்லாக் காயட்டும்."

எனக்குச் சிரிக்க முடியவில்லை. வீடு வெடித்து, அவள் உள்ளே இருப்பது போலக் கண்ணுக்குள் ஓடியது. அவள் என் முன்னாலேயே இருக்கிறாள் என்பது அந்தப் பயத்துக்கு உறைக்கவே இல்லை. ஒரு கட்டத்தில் அழுதுவிட்டேன். "ஒரே ஒருக்க மட்டும் சொல்லேன், அணைச்சிட்டியா?" அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். பதில் சொல்லாமல் இருப்பது அவளுக்கு எம்புட்டுக் கஷ்டம் என்று அப்போதுதான் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

முக்கால் மணி நேரம் போதும் என்று சொல்ல வந்தாராம் டாக்டர். அது இரண்டு வாரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்தது வெயில் எதிர்வீட்டுச் சுவரில் ஏறும் வரைக்கும்.

எப்போது இறங்கியது என்று எனக்குத் தெரியாது. தெருவில் ஒரு ஆடு தேர்தல் சுவரொட்டியைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. வேட்பாளர் மீசை வரை போய்விட்டது, மூக்குக்கும் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று உறைத்தது: கொஞ்ச நேரமாக நான் ஆட்டைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"ஏளா," என்றேன். "போயிருச்சு."

"எது?"

"தெரியல. இருந்துச்சு. இப்ப இல்ல."

அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். லைட்டரின் சத்தம் கேட்டது. பால் வைத்தாள் போல. நான் கட்டிலை விட்டு அசையவில்லை. பயம் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தது, பிறகு படுத்துக்கொண்டது. பால் பொங்குகிற வாசனை தெருவுக்கு வந்தது. யாரும் அதன் மேல் தண்ணீர் ஊற்றவில்லை.

இரண்டு தம்ளரோடு வந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுப்பைப் பற்றி அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காப்பி பாதி குடித்த பிறகு, ஏதோ ஊர்ச்செய்தி சொல்கிற மாதிரிச் சொன்னாள்:

"சிலிண்டரு லேசா இருக்கு. அடுத்த மாசத்துக்கு இப்பவே எழுதி வச்சிருங்க."

அடுத்த மாசத்துக்கு என்றாள். தீபாவளி முடிந்து, சீசனும் முடிந்திருக்கும்.

"சரி" என்றேன். அதற்கு மேல் பேசினால் மறுபடி அழுதுவிடுவேன் என்று, தம்ளரை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.