கேசட் இல்லாத பேச்சு

கல்லூரியில் உளவியல் படிப்பில் சேர்ந்த புதிதில் நான் யாரையும் விட்டுவைக்கவில்லை. பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கும் அப்பாவுக்கு ஒரு வியாதி, சோற்றைப் பாத்தி கட்டிச் சாப்பிடும் அண்ணனுக்கு ஒரு வியாதி. எனக்கு மட்டும் எதுவும் இல்லை. ஊரில் பெரும்பாலோர் செய்வது இயல்பு, மற்றது பிறழ்வு என்று புத்தகம் சொல்லியிருந்தது. இது போதாதா எனக்கு?

எண்பதுகளின் தொடக்கம் அது. கடலோர ஊரான தலத்தெருவில் எங்கள் அடுத்த வீட்டு முஸ்லிம் அக்காவை நாங்களும் லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். கணவர் துபாயில் இருந்தார். அப்போதெல்லாம் வெளிநாட்டில் சம்பாதிக்கும் சபுராளிகளின் வீடுகளில் கடிதத்துக்குப் பதில் கேசட். லாத்தாவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து பேசுவார். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

உப்புக் காற்றில் அந்த டேப் ரெக்கார்டர் பெட்டி பழுதாகிப் படுத்துவிட்டது. லாத்தா பேச்சை நிறுத்தவில்லை. அதே அறை, அதே நேரம், சிரிப்பு, சண்டை எல்லாம் உண்டு. கதவிடுக்கில் பார்த்த மாமியார் ஆடிப்போய்விட்டார். ஜின் பிடித்துவிட்டதென்று ஓதிய தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். பேச்சு நிற்கவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"நீ மனசப் பத்திப் படிக்கிறியாமே. பாத்துச் சொல்லு. கிறுக்குன்னா தாய்வீட்டுக்கு அனுப்பிட்டு மவனுக்கு வேற பொண்ணு பாத்துர்றேன்."

எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. உள்ளே போய், எதிரில் ஆளே இல்லாமல் பேசலாமா என்று டாக்டர் தோரணையில் கேட்டேன். லாத்தா துணி மடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"பெட்டி இருந்தப்ப மட்டும் அவரு எதிர்லயா இருந்தாரு? அந்தக் கேசட்ட மாமி கேட்டுட்டுத்தான் அனுப்புவாங்க. அங்க ரூம்ல இருக்குற ஆம்பளைங்க எல்லாம் கூடி உக்காந்து கேப்பாங்க. நல்லா இருக்கேன், நல்லா இருங்கன்னு சொல்லி முடிச்சிருவேன். இப்பத்தான் அவர்ட்ட பேசுறேன்."

புத்தகத்தைக் கிணற்றில் போடலாம் போலிருந்தது. வெளியே வந்து, லாத்தாவுக்கு ஒன்றுமில்லை, வியாதி பெட்டிக்குத்தான், முதலில் அதைப் பழுது பாருங்கள் என்றேன். மாமியார் அரைமனதாகக் கடைக்குக் கொடுத்தனுப்பினார்.

பெட்டி வந்த மறுநாள் எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு நிறைய வட்டிலப்பம் என்கிற இனிப்பு வந்தது. மருமகளுக்குக் குணமாகிவிட்டதாம், இப்போது பெட்டியில்தான் பேசுகிறாளாம். தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அறைக்குள் லாத்தா பெட்டியை எதிரே வைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அதன் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே கேசட் இல்லை.