கடைசியில் சாப்பிடுகிற ஆலோசகர்

என் வீட்டுக்காரர் ராணுவத்தை விட்டு வந்ததும் 'நிர்வாக ஆலோசகர்' என்று ஒரு பெயர்ப்பலகை செய்து வாசலில் மாட்டினார். நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று வேறு பார்த்தார். ஆலோசனை கேட்கத்தான் ஆளில்லை. ஏழெட்டு மாதம் ஈ ஓட்டினார். தெரிந்தவர் ஒருவர் வங்கி வாசலில் காவலாளி வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். இவர் அதற்குப் பிடிகொடுக்காமல் நாளைக் கடத்தினார். அந்த நாற்காலியில் போய் உட்கார அவருக்கு மனமே இல்லை. வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் எனக்குத் தெரியாதா?

ஒருவழியாக ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் முதலாளி கூப்பிட்டார். சொன்ன தேதிக்குப் பெட்டிகள் போய்ச் சேர்வதில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மாதம் பார்ப்பாராம். சரிப்பட்டால் ஒரு வருட ஒப்பந்தம். இல்லாவிட்டால் வங்கி வாசல்தான்.

பாதி மாதம் ஓடியும் வேலையாட்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு சாயங்காலம் ஷூவைக் கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார்.

"யாரையும் ஒரு வார்த்தை அதட்டலையே. என்னைப் பார்த்தாலே ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க?"

"சாப்பாட்டு நேரத்துல எங்க இருப்பீங்க?"

"கதவுகிட்ட நிப்பேன். எல்லாரும் சாப்பிட்டப்புறம்தான் நான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ராணுவத்தில் அவர் பழகியது அது: ஆட்களின் வயிறு நிறைந்த பிறகே அதிகாரி தட்டைத் தொடுவார்.

"ஏங்க, ஆலோசகர்னாலே ஆள் குறைக்க வந்தவர்னு பயந்து கிடப்பாங்க. நீங்க போய் கதவுல நின்னு அவங்க வாயையே பார்த்தா? யாரு எவ்வளவு நேரம் திங்கிறாங்கன்னு கணக்கெடுக்கறீங்கன்னுதானே நினைப்பாங்க!"

அவர் முகம் சுண்டிப்போனது. மரியாதை என்று நினைத்துத்தான் மனுஷன் பசியோடு நின்றிருக்கிறார். சிரித்திருக்க வேண்டாம் என்று இருந்தது எனக்கு.

மறுநாள் டிபன் பாக்ஸோடு நடு பெஞ்சில் போய் உட்கார்ந்து, முதல் ஆளாகச் சாப்பிட்டிருக்கிறார். முதல் வாயே தொண்டையில் அடைத்துக்கொண்டது. பக்கத்திலிருந்த கட்டிங் மெஷின்காரர் தண்ணீரை நகர்த்திவிட்டு, "எத்தனை பேரை சார் அனுப்பப் போறீங்க?" என்று கேட்டார்.

"ஒருத்தரையும் அனுப்ப வரலைங்க" என்றவர், கதவோரம் நின்ற கதையையும் சொன்னார். பெஞ்சே சிரித்ததாம்.

இரண்டு நாள் கழித்து அதே மெஷின்காரர் ரகசியமாகச் சொன்னார். ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே முதலாளி போன் செய்து வேறு அளவு போடச் சொல்கிறார். பிளேடை மாற்றி மாற்றியே பாதிப் பொழுது போய்விடுகிறது. "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார்."

இவர் நேராக முதலாளி அறைக்குப் போனார். "தாமதத்துக்குக் காரணம் உங்க போன்தான் சார்."

"எவன் சொன்னான்?"

"நான் சொல்றேன். ஒரு வாரம் போன் பண்ணாம இருந்து பாருங்க. சரியாகலைன்னா நான் கிளம்பிடறேன்."

அந்த வாரம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பெட்டிகள் சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்ந்தன. ஒப்பந்தமும் கைக்கு வந்தது.

சமையலறைக்கு வந்து அதைச் சொன்னவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பதறிப்போனேன்.

"அதான் கிடைச்சிடுச்சே, இன்னும் என்ன?"

"ராணுவத்துல நான் கேட்டா பதில் சொல்லியே ஆகணும்மா. இந்த மெஷின்காரர் சொல்லாமலே இருந்திருக்கலாம்ல?"