உடையாத லெட்

போன வாரம் மீஞ்சூர் ஸ்டேஷன் பக்கத்து ஸ்டேஷனரி கடையில் நின்று கொண்டிருந்தேன். பத்தாவது படிக்கும் என் மகளுக்கு லெட் பென்சிலுக்குப் போடுகிற லெட் வேண்டுமாம். சின்ன வேலைதானே என்று போனேன். கடைக்காரப் பெண் தலை நிமிராமல் கேட்டாள்: "பாயிண்ட் ஃபைவா, செவனா? எச்பியா, டூ பியா?"

எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

சிரிக்காதீர்கள். எனக்கு எதற்குத்தான் வேர்க்காது? வீட்டைப் பூட்டி விட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். ரயிலில் ஏறிய பிறகும் இது கும்மிடிப்பூண்டி வண்டிதானா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பேன். ஆனால் அன்றைக்கு வேர்த்ததற்குக் காரணம் வேறு. அந்தப் பெண் கேட்டுக் கொண்டே ஒரு டப்பாவைத் திறந்து காட்டினாள். பிளாஸ்டிக்கும் கரியும் கலந்த, லேசான மருந்து மாதிரி ஒரு வாசனை. அது நேராக என்னை ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தியது.

பழவேற்காடு ஏரியில், கோட்டைக்குப்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் குப்பம். ஒன்பதாவது பரீட்சைக்கு முந்தின நாள் வாந்தி எடுத்துப் படுத்தவன், பிறகு பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. "படிப்புதான் ஏறல, படகாவது ஏறு" என்று நைனா ஏரிக்குக் கூட்டிப் போனார். அங்கேயும் அதே கதைதான். கட்டின முடிச்சை மறுபடி மறுபடி அவிழ்த்துக் கட்டிக் கொண்டிருந்தேன். "இவன் கட்டி முடிக்கறதுக்குள்ள மீனு ஆந்திராவுக்குப் போயிடும்" என்று எல்லோரும் சிரித்தார்கள். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். ஆகவே ஊர்ப் பெரியவர்கள் பாடு நோட்டை என்னிடம் கொடுத்தார்கள்.

பாடு என்றால், ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்கிற முறை. நல்ல இடம் கொஞ்சம்தான், வீடுகள் நிறைய. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வைத்துச் சுற்றி வரும். முகத்துவாரத்துப் பக்கம் ஒரு தடவை போட்டுவிட்டால் அடுத்த முறை வர ரொம்ப நாள் ஆகும். சாயங்காலம் கரையில் உட்கார்ந்து மறுநாள் பட்டியலை நான் எழுத வேண்டும். விடிகாலையில் அதைப் பார்த்துப் பேர் படிப்பேன். பேர் வந்தவர் படகைத் தள்ளுவார். பேர் வராதவர் தள்ளக் கூடாது. அவ்வளவு கறார்.

பேனாவில் எழுதினால் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் பேர் ஓடிவிடும். அதனால் பென்சில். மரப் பென்சிலோ உப்புக்காற்றில் ஊறிக்கொள்ளும். சீவச் சீவ முனை விழும். அப்போதுதான் அக்கா வீட்டுக்காரர், மாரி மாமா, சென்னைக்குப் போய் வந்தபோது ஒரு லெட் பென்சில் வாங்கி வந்தார். "இந்தா மச்சான், சீவாத பென்சிலு. அமுக்கினா வரும்." அமுக்கினேன். டிக் என்று வந்தது. அந்தச் சத்தத்துக்காகவே ஒரு நாள் பூரா அமுக்கி, உள்ளே இருந்த லெட்டையெல்லாம் உடைத்துத் தீர்த்தேன்.

பழவேற்காடு பஜாரில் ஒரு பாய் கடையில் லெட் கிடைத்தது. முதல் தடவை பாயிண்ட் ஃபைவ் வாங்கி வந்துவிட்டேன். என் பென்சில் செவன். போடப் போட, மூக்கு வழியாக நழுவி மணலில் விழுந்தது. பென்சில் கெட்டுப்போய்விட்டது என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பாய்தான் பென்சிலின் மேல் சின்னதாகப் போட்டிருந்த நம்பரைக் காட்டினார். பிறகு செவனில் டூ பி வாங்கினேன். எழுத்து மை மாதிரிக் கறுப்பாக விழும், ஆனால் நான் பயத்தில் அழுத்துகிற அழுத்துக்கு வரிக்கு ஒன்று உடையும். உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போட மனசு வராமல் ஒரு தீப்பெட்டியில் சேர்த்து வைத்தேன். என்றைக்காவது லெட் தீர்ந்து போனால்?

தீர்ந்து போய்விடுமோ என்பதுதான் அப்போது எனக்குப் பெரிய கவலை. பென்சிலைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பேன். உள்ளே கிலுகிலு என்றால் லெட் இருக்கிறது. சாப்பிடும்போது குலுக்குவேன், படுக்கப் போகும்போது குலுக்குவேன். "இன்னாடா, அதுல இன்னா ரேடியோவா பாடுது?" என்பார் நைனா.

கடைசியில் பாயிடம் போய், "பாய், உடையவே உடையாத லெட்டு குடு" என்றேன்.

"எச்சுன்னு ஒண்ணு கீது. கல்லு மாரி இருக்கும். ஆனா கறுப்பா வராதுப்பா."

"வராங்காட்டி போவுது, உடையாம இருந்தா போதும்."

அந்த லெட் உண்மையிலேயே உடையவில்லை. மழை முடிந்து ஏரியில் எறா ஏறுகிற காலம். நோட்டெல்லாம் ஈரக்காற்றில் நமுத்துக் கிடந்தது. ஒரு சாயங்காலம் வயிற்றுவலியோடு பட்டியல் எழுதினேன். மறுநாள் காலையிலும் வலி குறையாததால் நைனா என்னைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார். எனக்குப் பதிலாக மாரி மாமா பேர் படித்திருக்கிறார்.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலிலேயே அக்கா பிடித்துக் கொண்டாள். "உன் பென்சிலால என் வூட்டுக்காரருக்குத் திருட்டுப் பட்டம்டா!"

நடந்தது இதுதான். முகத்துவாரத்து முறை அன்றைக்கு ஏழுமலை அண்ணாவுடையது. புது வலையைப் படகில் ஏற்றி, கூட இரண்டு ஆளையும் வைத்துக் கொண்டு இருட்டிலிருந்து காத்திருந்திருக்கிறார். அவர் பேரே வரவில்லை. அந்த இடத்துக்கு அவருக்கு அடுத்த பேர் வந்தது. அது மாரி மாமாவின் பேர். மாமா தன் பேரைத் தானே படித்துவிட்டு, தானே போய் வலையும் போட்டு, கூடை கூடையாக எறாவோடு வந்திருக்கிறார். எழுதினது மச்சான், படிச்சது மாமன். ஊர் சும்மா இருக்குமா?

கோயில் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. குற்றம் என்று ஆகிவிட்டால் மாமா வீட்டுக்கு ஒரு சுற்று முழுக்கப் பாடு கிடையாது. எறா சீசனே போய்விடும். நோட்டு என் கையை விட்டுப் போகும். நோட்டை விட்டால் இந்த ஊரில் எனக்கு வேறென்ன இருந்தது?

"ஏம்பா, எம்பேரைத் தண்ணியிலயா எழுதின?" என்றார் ஏழுமலை அண்ணா. கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"கற்பூரம் ஏத்துங்க, நான் சத்தியம் பண்றேன். அங்க பேரே இல்லண்ணா" என்றார் மாமா.

"சத்தியத்த வலையிலயா போட்டுப் புடிக்கிறது? என் பாடு போச்சே."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். வரிசையாகப் பேர்கள் வெளிறிப் போயிருந்தன. நடுவில் ஒரு வரி வெறுமை. நான் எழுதினேனா? எழுதாமல் விட்டுவிட்டேனா? எனக்கே நிச்சயமில்லை. எத்தனை தடவை பென்சிலைக் குலுக்கியிருப்பேன், எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்திருந்தால்? அந்த வரியைத் தடவினேன். விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. தாள் மழமழவென்று இல்லை. குழி குழியாக இருந்தது.

மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தேன். டூ பி துண்டுகளை நோட்டின் அட்டை மேல் வைத்து நகத்தால் நசுக்கினேன். அந்தக் கரியை விரலில் தொட்டு, வரி மேல் லேசாகத் தேய்த்தேன். தாள் கறுத்தது. கறுப்புக்கு நடுவில் வெள்ளையாக, கொக்கி போட்ட ழுவும் மலையும் எழுந்து வந்தன. ஏழுமலை. என் கையெழுத்தேதான், முத்து முத்தாக.

வயிற்றுவலியில் உள்ளங்கை வேர்த்து அந்த இடத்துத் தாள் ஈரமாகியிருக்கிறது. கல் மாதிரி லெட், ஈரத்தில் கரி இறக்காமல் வெறும் கோடு கிழித்துக் கொண்டு போயிருக்கிறது. யாரும் அழிக்கவில்லை. மாமா கண்ணுக்கு அங்கே எதுவும் இருந்திருக்க முடியாது. தப்பு முழுக்க என் கையுடையது, உடையாத லெட்டுக்கு ஆசைப்பட்ட என்னுடையது. அதையும் சொன்னேன். பேசும்போது அழுதுவிட்டேன் என்று அக்கா பிற்பாடு சொன்னாள், எனக்கு ஞாபகமில்லை.

மாமா எழுந்து, "நாளைக்கே போட்டுக்கோ அண்ணா, அடுத்து வர்ற என் முறையும் உனுதுதான்" என்றார். பெரியவர்கள் நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: எழுதி முடித்ததும் கரையிலேயே சத்தமாகப் படிக்க வேண்டும், பேருக்குரியவர் பதில் சொல்ல வேண்டும்.

என் மடியில் மீதியிருந்த அந்த எச் லெட் டப்பாவை ஏழுமலை அண்ணா பிடுங்கி ஏரியில் எறிந்தார். "ஒடஞ்சா ஒடையட்டும்பா. பேரு தெரியணும்."

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், சாயங்காலமானால் கரையில் பேர் படித்தேன். வலையைத் தட்டிக் கொண்டே, பீடியைப் பற்ற வைத்துக் கொண்டே ஒவ்வொருவராக, ஆஜர் சொல்கிற மாதிரி, "கீறேன்பா", "கீறேன்பா" என்பார்கள். ஏழுமலை அண்ணா மட்டும் ஒரு நாளும் விடாமல் கேட்பார்: "எம்பேரு கறுப்பா கீதா?"

"கறுப்பா கீது அண்ணா."

"அப்போ கீறேன்பா."

கல்யாணமாகி, மீஞ்சூரில் ஒரு குடோன் கேட்டில் வண்டி நம்பர் எழுதுகிற வேலைக்கு வந்துவிட்டேன். இங்கே பேனாதான். ஊரில் இப்போது பாடுப் பட்டியல் போனில் வருகிறதாம். குரூப்பில் போட்டால் எல்லோரும் கட்டைவிரல் போடுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. உள்ளங்கை வேர்வையால் கெட்டுப் போகாது.

பொங்கலுக்குப் போனபோது ஏழுமலை அண்ணாவைப் பார்க்கப் போனேன். கண்ணில் புரை. ஏரிக்குப் போவதை விட்டு ரொம்ப நாளாகிறது, நேற்றும் இன்றும் அவருக்குள் கலந்து கிடக்கின்றன. குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்து விட்டார். பக்கத்தில் மகனுடைய போன் கிடந்தது. "பட்டியலு வந்துச்சாப்பா? எம்பேரு கறுப்பா கீதா பாரு."

எடுத்துப் பார்த்தேன். அவருடைய இடத்தில் மகன் பேர் இருந்தது. எனக்கென்னவோ அந்த வரியை விரலால் தேய்த்துப் பார்க்கத் தோன்றியது. தேய்த்தேன். பட்டியல் மேலே ஓடியது, கீழே வந்தது. கண்ணாடி வழவழவென்று இருந்தது.

"கறுப்பா கீது அண்ணா" என்றேன்.

அவர் சுவரில் சாய்ந்து கொண்டு, ஏரி இருக்கிற பக்கமாக முகத்தைத் திருப்பி, "கீறேன்பா" என்றார்.