செவ்வாய்க்கிழமைக் குளியல்

எதையும் அப்படியே நம்பிவிடும் சுபாவம் எனக்குக் கிடையாது. தேதி பார்க்காமல் பால் பாக்கெட்டைக் கையில் வாங்கமாட்டேன். அறிமுகமில்லாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்கவே மாட்டேன். பரிசு விழுந்திருக்கிறது, கணக்கு முடங்கிவிட்டது என்று அளக்கிற கூட்டத்தின் பருப்பு என்னிடம் வேகாது. திருவனந்தபுரத்தில் ஓர் அலுவலகத்தின் தணிக்கைப் பிரிவில் என் உத்தியோக காலம் முழுக்கக் கழிந்தது. எல்லாரும் நல்லவர்கள் என்று நினைப்பவர்களுக்கு அங்கே வேலை கிடையாது.

போன வருஷம் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகுதான் என் கணவரின் செவ்வாய்க்கிழமைகள் கண்ணில் பட்டன. அவர் எனக்கு முன்பே ஓய்வு பெற்றவர். காலையில் குளித்து, பூஜை முடித்து, டிபன் சாப்பிட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுப்பார்.

“எங்கே கிளம்பியாச்சு?”

“வெறுதே, சும்மா பழவங்காடி வரைக்கும். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சுட்டு வரேன்.”

எங்கள் தெரு கோட்டைக்குள் இருக்கிறது. பழவங்காடிப் பிள்ளையார் கோயில் நடந்தே போகிற தூரம். அதற்கு ஸ்கூட்டர் எதற்கு? போகட்டும், முழங்கால் வலி என்று வைத்துக்கொண்டேன். ஆனால் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்துதான் என் முகத்தைப் பார்த்தார்.

கோயிலுக்குப் போகிற மனுஷன் குளித்துவிட்டுப் போவான். இவர் போய்வந்து குளித்தார்.

எங்கள் தெருவில் வெளியே போய்வந்து குளிப்பதற்கு இரண்டே காரணங்கள்தான். ஒன்று, முடி வெட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சாவு வீட்டுக்குப் போய் வந்திருக்க வேண்டும். அவர் தலையில் இருக்கிற நாலு முடியும் அப்படியே இருந்தது. யார் செத்துப்போனார்கள் என்று கேட்டேன். “யாரும் இல்லையே. வேர்வையாக்கும்” என்றார். அடுத்த செவ்வாயும் அதே குளியல். அதற்கடுத்த வாரமும் அதேதான். வாராவாரம் செவ்வாய்க்கிழமை பார்த்து யார் சாகிறார்கள்?

அவர் கழற்றிப் போட்ட வேட்டியை எடுத்து முகர்ந்தேன். நெய்வேத்தியத்தின் வாசனையும் இல்லை, கற்பூரமும் இல்லை. உப்பு வாடை அடித்தது. மடிப்பில் வெள்ளை மணல் இருந்தது. ஸ்கூட்டர் டயரில் செம்மண் அப்பியிருந்தது. கோட்டைக்கும் பழவங்காடிக்கும் நடுவில் செம்மண்ணுக்கு எங்கே போவது?

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே பெண். கல்லூரியில் கூடப் படித்த பையனை, விழிஞ்ஞத்து மீன்பிடிக் குடும்பத்துப் பையனை, பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். அந்தச் செய்தி வந்த காலையில் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே கொல்லைக் குளியலறைக்குப் போனார். குழாய் வெகுநேரம் ஓடியது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தார். எங்கள் ஜாதியில் அதற்கு ஒரே அர்த்தம். பெண் செத்துவிட்டாள், அப்பா தலை முழுகியாகிவிட்டது. ஆம்படையானுக்குத் தீட்டு என்றால் பெண்டாட்டிக்கும் தீட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு நானும் போய் நாலு செம்பு தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் அவள் பேச்சே எழவில்லை. குழந்தை பிறந்த விஷயம்கூடக் கடைத்தெருவில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

ஆக, அந்த வீட்டில் எனக்கு மிச்சம் இருந்தவர் இவர் ஒருவர்தான். இவரும் கைவிட்டுப் போகிறாரோ என்று பயந்தேன். வேறு பெண்பிள்ளையா? அறுபதைத் தாண்டிய பிறகா என்று நினைத்துப் பார்த்தேன். அறுபதைத் தாண்டியவர்கள் பண்ணிய கூத்துகள் எனக்கு ஆபீஸில் நிறையத் தெரியும். இல்லை, ஏதாவது வியாதியா? கடற்கரையில் உட்கார்ந்து தனியாக எதையோ யோசிக்கிறாரா? அந்த நினைப்பு வந்ததும் தூக்கம் போய்விட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பியதும், முதல் நாளே சொல்லி நிறுத்தி வைத்திருந்த ஆட்டோவில் ஏறினேன்.

“ஆ ஸ்கூட்டரின்டே பின்னாலே போணும்” என்றேன்.

டிரைவர் கண்ணாடியில் என்னை ஒருதரம் பார்த்தார். “பரிசயமுள்ள ஆளாணோ அம்மே?” தெரிந்த ஆளா என்று கேட்கிறார்.

“இல்லை. வெறுதே.”

அதற்கப்புறம் அவர் கண்ணாடியைப் பார்ப்பதை நிறுத்தவே இல்லை. நானும் அவருடைய மீட்டரைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. திருவல்லத்தைத் தாண்டினோம். கோவளத்தில் இவர் திரும்புவார் என்று எதிர்பார்த்தேன், திரும்பவில்லை. விழிஞ்ஞத்தில் துறைமுகத்துக்குப் போகிற லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் மறைந்து மறைந்து தெரிந்தது. அந்த ஊர்ப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அவர் அங்கேயும் நிற்கவில்லை. இன்னும் தெற்கே போய் சிலுவை நட்ட ஒரு குருசடியை ஒட்டிய செம்மண் பாதையில் இறங்கினார்.

“அவிடே பீச்சு மாத்ரமே உள்ளு. ஆரும் போகாத்த ஸ்தலமா” என்றார் டிரைவர். யாரும் போகாத இடத்துக்கு இவர் ஏன் போகிறார் என்பதுதானே என் கேள்வியும்.

அந்தக் கடற்கரையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த மாதமே ஐஸ்கிரீம் வண்டியும் அதன் பின்னால் கூட்டமும் வந்து சேரும். பாதை முடிகிற இடத்தில் செம்மண் மேடு ஆள் உயரத்துக்கு அறுந்து நிற்கிறது. கீழே கொஞ்சம் மணல். மழைக்காலத்தில் கடல் பாதியை எடுத்துக்கொண்டு போய்விடுமாம், பிறகு மனசு வந்தால் திருப்பித் தருமாம். இரண்டு பக்கமும் கறுத்த பாறைகள். கவிழ்த்துப் போட்ட வள்ளங்கள், காய்கிற வலை, வலையின் மேல் ஒரு ஆடு. வடக்கே தூரத்தில் துறைமுகத்தின் பெரிய கிரேன்கள் தெரிந்தன. அங்கே அத்தனை வேலை நடக்கிறது, இங்கே ஒரு சத்தம் இல்லை. கோவளத்தில் இருந்து இவ்வளவு கிட்டத்தில் சுண்டல்காரன்கூட இல்லாத ஒரு கடற்கரை இருக்க முடியுமா? எனக்கு அந்த அமைதியே பிடிக்கவில்லை. அலைகூட மெதுவாக வந்து மெதுவாகப் போனது, ஒன்றும் தெரியாத பாவனையில்.

வலைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டுகிறார்? என்னை இவருக்கு எப்படித் தெரியும்? பதிலுக்கு ஆட்டாமல் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஒரு வள்ளத்தின் மறைவில் நின்று எட்டிப் பார்த்தேன்.

என் கணவர் மணலில் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் ஒரு பெண், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலைமுடியை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் ஏதோ சொல்ல, அவள் தோள் குலுங்கச் சிரித்தாள். வீட்டில் என்னிடம் சிரித்துப் பேசி எத்தனை காலம் ஆயிற்று இந்த மனுஷன்!

நான் அங்கிருந்தே கத்தியிருப்பேன். அதற்குள் பாறைப் பக்கத்திலிருந்து ஒரு குழந்தை பிளாஸ்டிக் வாளியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தது. மூன்று வயது இருக்கலாம். வாளியில் இருந்த ஈர மணலை அவர் நெஞ்சில் கொட்டியது. மீதித் தண்ணீரை அவர் தலையில் ஊற்றியது.

“தாத்தா, அனங்கல்லே!” என்றது. அசையக்கூடாதாம்.

அவர் அசையாமல் கிடந்தார். அந்தப் பெண் குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொள்வதற்காகத் திரும்பினாள். என் பெண்.

எப்படி அவர்கள் பக்கத்தில் போனேன் என்று தெரியாது. என் செருப்பு ஒன்று வழியில் கழன்று கிடந்தது. என்னைப் பார்த்ததும் இவர் எழுந்து உட்கார்ந்தார். குழந்தை கட்டி வைத்ததெல்லாம் சரிந்து விழ, அது ஓவென்று அழ ஆரம்பித்தது. அவர் முகத்தில் இருந்த திகிலைப் பார்த்தால், போலீஸே வந்து நின்ற மாதிரி இருந்தது.

“அம்மா” என்றாள் அவள். கொஞ்சம் கறுத்திருந்தாள், கன்னம் வற்றியிருந்தது. “எனக்கு செவ்வாக்கிழமை லீவு. அப்பா வருவா” என்று, அதைத்தான் நான் கேட்டேன் என்பதுபோலச் சொன்னாள்.

“அப்பாவுக்கு மட்டும் சொல்லணும்னு தோணித்து, இல்லையா?”

“உன்னைத்தான் முதல்ல கூப்பிட்டேன். குழந்தை பிறந்தப்போ, ஆஸ்பத்திரிலேருந்து. புது நம்பர். திருப்பித் திருப்பிக் கூப்பிட்டேன், நீ எடுக்கவே இல்லை. அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டேன்.”

எந்த நாள், எந்த நேரம் என்று யோசித்தேன். நான் துண்டித்த அழைப்புகளுக்கு ஏது கணக்கு? எவனோ ஏமாற்றுக்காரன் என்று முணுமுணுத்துவிட்டுக் காய் நறுக்கப் போயிருப்பேன்.

இருக்கிற கோபமெல்லாம் அவர் மேல் திரும்பியது. “இங்கே வந்து பேத்தியைக் கொஞ்சறேள். ஆத்துக்கு வந்ததும் தலைக்குக் குளிக்கறேள். குழந்தையைத் தொட்டதுக்குத் தீட்டா? அப்படின்னா எதுக்கு வரேள் இங்கே?”

“தீட்டா? என்ன பேசறே நீ?” மணலைத் தட்டிவிடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். “தலை பூரா மணல். இதோட உன் முன்னாலே வந்து நிக்க முடியுமா? கண்டுபிடிச்சுடுவே. நீதான் இவளைத் தலை முழுகினவளாச்சே.”

“நானா!”

“பின்னே? அன்னைக்கு ஈரத் தலையோட வந்து நின்னியே. நான் என் கண்ணாலே பாத்தேன்.”

“நீங்க முழுகினேள். அதனாலேதான் நானும் முழுகினேன்.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார்.

“நான் எங்கே முழுகினேன்? அழுகை வந்துடுத்து. உனக்குக் கேக்கப்படாதுன்னு பைப்பைத் திறந்து விட்டேன். அழுத மூஞ்சியோட எப்படி வெளியே வரது? ரெண்டு செம்பு தலையிலே விட்டுண்டு வந்தேன். அவ்வளவுதான்.”

என் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள். “கேட்டியா அம்மா, நீ இன்னும் இறங்கி வரலைன்னு அப்பா சொல்லிண்டே இருந்தா. ரெண்டு பேருமாச் சேந்து என்னை வெறுதே கொன்னுட்டேள்.” சிரிக்க நினைத்துத்தான் சொன்னாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

இத்தனை காலம் பால் பாக்கெட்டைச் சந்தேகப்பட்டேன், மீட்டரைச் சந்தேகப்பட்டேன், தலையாட்டிய வலைக்காரரைச் சந்தேகப்பட்டேன். அந்த ஒரு குளியலை மட்டும் ஏன் என்று கேட்காமல் நம்பிவிட்டேன். நினைக்க நினைக்க என் மேலேயே ஆத்திரமாக வந்தது. மணலில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் தலையில் மீன் வாடையும் இருந்தது, சின்ன வயதில் இருந்த அவளுடைய வாசனையும் இருந்தது.

குழந்தை அழுகையை நிறுத்தி என்னை மேலும் கீழும் அளந்து பார்த்தது. வாளியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டது. யாரையும் லேசில் நம்பாது போலிருக்கிறது. எங்கள் வீட்டுக் குழந்தைதான், சந்தேகமில்லை.

“வீட்டுக்கு வா” என்றேன் பெண்ணிடம்.

“தெருவிலே எல்லாரும் பார்ப்பா, அம்மா.”

“பாக்கட்டும். கண்ணு எதுக்கு இருக்கு அவாளுக்கு?”

டிரைவர் போகாமல் நின்றிருந்தார். நாங்கள் மூன்று பேரும் ஏறினோம், ஸ்கூட்டர் பின்னால் வந்தது. இந்தத் தடவை கண்ணாடியில் பார்த்து டிரைவர் சிரித்தார். நானும் மீட்டரைப் பார்க்க மறந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் ஆட்டோ நின்றபோது எதிர்வீட்டு ஜன்னல் திரை விலகியது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அதற்குள் அது என் இடுப்பில் தூங்கிவிட்டிருந்தது. அதன் பாதத்திலிருந்து மணல் என் புடவையில் உதிர்ந்தது. என் பெண் வாசலில் தயங்கி நின்றாள், கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டேன். குழந்தையைக் கூடத்தில், ஊஞ்சலில் படுக்க வைத்துவிட்டு நிமிர்ந்தால் இவரைக் காணோம். கொல்லையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

போனேன். குளியலறைக் கதவைச் சாத்தியிருந்தார், தாழ் போடவில்லை. தள்ளித் திறந்தேன். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இவர் சுவரைப் பார்த்து நின்றிருந்தார், மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

நான் கையை நீட்டிக் குழாயை மூடினேன்.

“அழணும்னா உள்ளே வந்து அழுங்கோ” என்றேன்.